பரம்பரையும் சர்க்கரை நோயும்: மரபணுப் பரிசோதனை குறித்து எமது நிலைப்பாடு

தாய்க்கோ தந்தைக்கோ சர்க்கரை நோய் இருந்தால் பிள்ளைக்கும் அது வந்தே தீரும் என்ற அச்சம் நம் குடும்பங்களில் நெடுங்காலமாக வேரூன்றியிருக்க, அந்த அச்சத்தையே மூலதனமாக்கிக்கொண்டு, சிறிது உமிழ்நீரை அனுப்பிவைத்தால் வரப்போகும் நோயை முன்கூட்டியே அறிவித்துவிடுகிறோம் என்று விளம்பரம் செய்யும் வியாபாரம் இப்போது தலையெடுத்திருப்பதால், நீரிழிவு மருத்துவர்களாகிய எமது சங்கம் இவ்விஷயத்தில் தன் அபிப்பிராயத்தை ஒளிவுமறைவின்றி வெளியிடுவது கடமை எனக் கருதுகிறது. ஆரோக்கியமாக இருக்கும் ஒருவருக்கு இரண்டாம் வகை நீரிழிவு வருமா என்று அறிவதற்காக மட்டும் செய்யப்படும் மரபணுப் பரிசோதனையை நாங்கள் ஆதரிக்கவில்லை.

பரம்பரைக்கு இந்நோயில் பங்கில்லை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. 2006-ஆம் ஆண்டில் ஐஸ்லாந்து ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்த டிசிஎஃப்7எல்2 என்னும் மரபணுவின் மாறுபாடு, பல நாட்டு மக்களிடமும் பரவலாகக் காணப்படும் மாறுபாடுகளுள் இந்நோயோடு மிக நெருங்கிய தொடர்புடையதாக நிரூபணமாகியிருக்கிறது. அதன் பிரதி ஒன்றைப் பெற்றவருக்கு நோய் வரும் சாத்தியம் சுமார் 1.4 மடங்கு ஆகிறது, அவ்வளவே. பின்னர் வெளிப்பட்ட நூற்றுக்கணக்கான மாறுபாடுகளில் பெரும்பாலானவற்றின் வலிமை இதனினும் சொற்பம். அவற்றையெல்லாம் கூட்டிக் கணித்துத் தரப்படும் மதிப்பெண்ணும், ஒருவருடைய வயதும் இடுப்புச் சுற்றளவும் பெற்றோரின் நோயும் ரத்தச் சர்க்கரையும் முன்பே சொல்லிவிட்டதற்கு மேல் அதிகமாக எதையும் சொல்லிவிடுவதில்லை.

விதிவிலக்கு உண்டு. கிரீன்லாந்து மக்களிடம் 2014-இல் கண்டறியப்பட்ட டிபிசி1டி4 மரபணு மாறுபாட்டைத் தாய்வழியும் தந்தைவழியும் ஒருசேரப் பெற்றவர்களுக்கு, உண்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைத் தசைகள் சரிவர ஏற்றுக்கொள்ளாமையால், நோய் வரும் சாத்தியம் ஏறத்தாழப் பத்து மடங்காகிறது. வெறும் வயிற்றுச் சர்க்கரையோ அவர்களிடம் ஏறிக் காணாததால், அந்த ஒரு சோதனையை மட்டும் நம்பினால் நோய் கண்ணில் படாமலே போகும். அங்கே மரபணுச் சோதனைக்குப் பிரயோஜனம் இருக்கிறது. சமோவா தீவினரிடம் 2016-இல் காணப்பட்ட இன்னொரு மாறுபாடோ, உடல் எடையை ஏற்றிக்கொண்டே நீரிழிவின் சாத்தியத்தைக் குறைக்கிறது! ஓர் இனத்தாரிடம் பெற்ற அறிவை மற்றோர் இனத்தார்மீது அப்படியே சுமத்தலாகாது என்பதற்கு இவற்றினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. இத்துறையின் ஆராய்ச்சிகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினரிடமே நடந்திருக்க, அக்கணக்கைக் கொண்டு நம்மவருக்குப் பலன் சொல்வதை நாங்கள் நேர்மையான மருத்துவமாகக் கருதவில்லை.

எங்கள் தீர்மானத்துக்கு முதன்மையான ஆதாரம் வேறொன்று. அமெரிக்காவில் நீரிழிவின் விளிம்பில் நின்ற மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்திய தடுப்பு ஆராய்ச்சியில், உணவைத் திருத்தி, நடையையும் எடைக்குறைப்பையும் மேற்கொண்டவர்களிடம் நோய் 58 சதவீதம் குறைந்ததாக 2002-இல் அறிவிக்கப்பட்டது. அவர்களுள் டிசிஎஃப்7எல்2 மாறுபாட்டை இரட்டைப் பிரதியாகப் பெற்றிருந்தவர்களைப் பிரித்துப் பார்த்தபோது, அம்மாறுபாட்டால் கூடுதலாக நேரவிருந்த ஆபத்தும் அதே பழக்கங்களால் பெரிதும் தணிந்திருந்தது. சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்விலும், மருந்தின்றி வாழ்க்கைமுறை மாற்றத்தாலேயே நோய் 28.5 சதவீதம் குறைந்தது. ஆகவே மரபணு எப்படி அமைந்திருந்தாலும் மருத்துவர் கூறவேண்டிய யோசனை மாறப்போவதில்லை. யோசனையை மாற்றாத பரிசோதனைக்கு ஏழை எளியவர் பணம் செலவிடுவானேன்?

ஒற்றை மரபணுப் பிழையால் வரும் அபூர்வ நீரிழிவு இதனின்றும் வேறுபட்டது. பிறந்து ஆறு மாதத்துக்குள் சர்க்கரை நோய் கண்ட குழந்தைக்கும், மெலிந்த தேகத்தோடு இளவயதிலேயே தலைமுறைதோறும் நோய்வாய்ப்படும் குடும்பத்தினருக்கும் மரபணுப் பரிசோதனை அவசியம். ஏனெனில் அவர்களுள் பலர் இன்சுலின் ஊசியை விட்டு மாத்திரைக்கு மாறமுடியும். இப்பரிசோதனை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கவேண்டும் என்று வலியுறுத்துகிறோம்.

மரபணு அறிக்கையைக் காட்டிக் காப்பீட்டை மறுப்பதையும், வேலையை மறுப்பதையும், பெண் பார்க்கும் இடத்தில் அதைக் கேட்பதையும் நாங்கள் கண்டிக்கிறோம். எவரும் தாமாகத் தேர்ந்தெடுக்காத ஒன்றுக்காகத் தண்டிக்கப்படுவது அநீதி.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வின்படி, நம் நாட்டில் 13.6 கோடிப் பேர் நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருக்கிறார்கள். அவர்களைக் கண்டுபிடிக்கச் சாதாரண ரத்தப் பரிசோதனையே போதும். ஆகையால் பொதுப்பணத்தை ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடக்கும் அப்பரிசோதனைக்கும், அதன்பின் இடைவிடாத ஆலோசனைக்குமே முதலில் ஒதுக்குமாறு அரசை வேண்டுகிறோம். குடும்பத்தில் சர்க்கரை நோய் உள்ள அன்பர்களே, முப்பது வயது நிறைந்ததும் அருகிலுள்ள சுகாதார நிலையத்துக்குச் சென்று ரத்தச் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ளுங்கள். உடன்பிறந்தவர்களையும் அழைத்துச் செல்லுங்கள்.