புல் மருந்தை மாற்றுவதற்கு முன்

எல்ல, தெமோதரை, பசறைப் பக்கத் தோட்டங்களில் புல்லுக்கு மருந்து அடிக்கும் தொழிலாளி, நிறைந்த டாங்கியை முதுகில் சுமந்து செங்குத்தான மலையில் ஏறுகிறார். காற்றுத் திரும்பினால் மருந்து அவர் முகத்தில்தான் படும். கையுறையும் முகமூடியும் கொடுத்தால் கடமை முடிந்தது என்று நம்மில் பலர் நினைக்கின்றோம். தொழிற் பாதுகாப்பில் அது கடைசிப் படி. ஆபத்தான பொருளையே விலக்குவது முதற் படி. ஆபத்துக் குறைந்த ஒன்றை அதன் இடத்தில் வைப்பது இரண்டாம் படி.

இது நடக்காத காரியமல்ல. எமது நாடு 1984 இல் பரத்தியனை விலக்கியது. 1995 இல் மொனோக்குரொட்டபொஸ், மெத்தமிடபொஸ் ஆகியவற்றையும் 1998 இல் எண்டோசல்பானையும் விலக்கியது. பரகுவாட் 2008 முதல் படிப்படியாக நிறுத்தப்பட்டது. 1995 இற்கும் 2005 இற்கும் இடையில் நாட்டின் தற்கொலை மரண வீதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. நெல் விளைச்சலோ குறையவில்லை. நஞ்சு குறைந்த வேறு மருந்துகள் கடைகளில் இருந்ததால் விவசாயி தடுமாறவில்லை.

2015 இல் நடந்தது வேறு கதை. சிறுநீரக நோய் குறித்த அச்சத்தால் கிளைபோசேட் ஒரேயடியாகத் தடை செய்யப்பட்டது. அதன் இடத்தில் என்ன என்று தோட்டங்களுக்கு யாரும் ஆயத்தம் செய்து கொடுக்கவில்லை. புல் காத்திருக்குமா? கிடைத்த மருந்தை அடித்தார்கள். எம்.சி.பி.ஏ. என்ற களைகொல்லியின் எச்சம் எமது தேயிலையில் இருப்பதாக ஜப்பான் முறையிட்டது. 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் கிளைபோசேட் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. தொழிலாளிக்கும் நன்மையில்லை, சந்தைக்கும் நன்மையில்லை.

மாற்று வழி என்பது இன்னொரு போத்தல் மட்டுமல்ல. மானாப் புல்லையும் கிளிரிசீடியா இலைகளையும் வெட்டி நிலத்தை மூடினால் புல் முளைப்பது குறையும். கையால் பிடுங்கலாம், இயந்திரத்தால் வெட்டலாம். சுரண்டியால் சுரண்டினால் மட்டும் மழைக்கு மண் கழுவிக்கொண்டு போகும். ஆனால் இவற்றுக்கு ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும். அந்தச் செலவைக் கணக்கில் எழுதாமல் "இரசாயனத்தை நிறுத்துங்கள்" என்று மேடையில் பேசுவது எளிது.

வியாபாரிகளாகிய எமக்கும் இதில் பங்குண்டு. விற்கும் மருந்து பீடைகொல்லிப் பதிவாளரிடம் பதிவு பெற்றதா? அதே வேலைக்கு நஞ்சு குறைந்தது உண்டா? லேபலில் உள்ளதை வாசிக்கத் தெரியாதவருக்கு வாசித்துச் சொன்னோமா? சோடாப் போத்தலில் ஊற்றிச் சில்லறையாக விற்பதை அடியோடு நிறுத்த வேண்டும். இலாபம் அதிகமுள்ள போத்தலை முன் தட்டில் வைப்பது வியாபாரத் தந்திரம் எனலாம். ஆபத்துக் குறைந்ததை முன்னால் வைத்து, அதை ஏன் வாங்க வேண்டும் என்று சொல்லி விற்பதே நாணயமான வியாபாரம். அதற்கு எந்த வர்த்தமானி அறிவித்தலும் தேவையில்லை.