பாடத்திட்டம் ஒன்று சொல்கிறது, தேர்வு வேறொன்று கேட்கிறது

இந்திய மருத்துவக் கல்லூரிகளில் 2019ஆம் ஆண்டு முதல் திறன் அடிப்படையிலான பாடத்திட்டம் நடைமுறையில் உள்ளது. நான்கரை ஆண்டுப் படிப்பு. அதன்பின் ஓராண்டு பயிற்சி மருத்துவர் பணி. முதலாண்டிலேயே நோயாளிகளைச் சந்தித்தல், அவர்களிடம் பேசும் முறை, மருத்துவ அறம் ஆகியவை அதில் இடம்பெற்றுள்ளன. ஒவ்வொரு மாணவரும் கிராமத்துக் குடும்பங்கள் சிலவற்றின் உடல்நலனைத் தொடர்ந்து கவனிக்கும் திட்டமும் பின்னர் சேர்க்கப்பட்டது. மக்களுக்கு முதலில் கிடைக்கும் மருத்துவரை உருவாக்குவதே நோக்கம் என்று ஆவணம் கூறுகிறது. நோக்கத்தில் குறைகாண ஏதுமில்லை. ஆனால் மாணவர் எதைப் படிக்கிறார் என்பதைத் தீர்மானிப்பது பாடத்திட்டம் அன்று. அவருடைய எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் தேர்வே.

அந்தத் தேர்வு முதுநிலை நீட். மூன்றரை மணி நேரம், 200 கொள்குறி வினாக்கள். ஆகவே இறுதியாண்டிலும் பயிற்சிக் காலத்திலும் மாணவரின் உண்மையான வகுப்பறை நோயாளிகளின் படுக்கையருகே இல்லை. தனிப்பயிற்சி நிறுவனங்களின் கைப்பேசிச் செயலிகளில் இருக்கிறது.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளங்கிக்கொள்ளலாம். ஸ்கிரப் டைபஸ் எனப்படும் உண்ணிக் காய்ச்சல் இமாச்சல மலைச்சரிவுகள் முதல் தமிழ்நாட்டுக் கிராமங்கள் வரை வயற்காட்டில் உழைப்போரைத் தாக்குகிறது. பூச்சி கடித்த இடத்தில் கருகிய புண் ஒன்று தோன்றலாம். பெரும்பாலும் அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ மறைந்திருக்கும். அதைக் கண்டுகொண்டால் டாக்சிசைக்ளின் என்ற மலிவான மருந்தே உயிரைக் காக்கும். தவறவிட்டால் மரணமும் நேரலாம். புண்ணின் படத்தைச் செயலியில் பார்த்த மாணவர் நான்கு விடைகளுள் சரியானதைக் குறித்துவிடுவார். ஆனால் காய்ச்சலோடு வரும் விவசாயக் கூலிப் பெண்ணின் கூச்சத்தை மதித்து, நம்பிக்கையைப் பெற்று, உடல் முழுவதையும் பரிசோதிக்கும் பழக்கம் மூத்த மருத்துவரின் அருகே நின்றுதான் வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எவரும் நான்கு விடைகளை எழுதிக்கொண்டு வருவதில்லை.

மாணவர்களைக் குறைகூறுவது எளிது, நியாயமன்று. தனியார் கல்லூரியில் கடன்பட்டுப் படித்தவருக்கும், அரசுக் கல்லூரியில் படித்து ஒப்பந்தப் பணியே எதிரில் காண்பவருக்கும் முதுநிலைப் பட்டம் மட்டுமே வழியாகத் தெரிகிறது. பொது மருத்துவருக்கு நிரந்தரப் பணியும் மதிப்பும் தராத அரசே அவர்களைப் பயிற்சி நிறுவனங்களின் சந்தைக்குள் தள்ளுகிறது. தகுதியின் பெயரால் நியாயப்படுத்தப்படும் இந்தத் தேர்வில், 2023ஆம் ஆண்டு காலியிடங்களை நிரப்புவதற்காகத் தகுதி வரம்பு பூஜ்ய பெர்சென்டைல் வரை தாழ்த்தப்பட்டது. இடம் நிரம்பவேண்டும் என்றால் தகுதி வளைந்துகொடுக்கும் என்பதை ஒன்றிய அரசே மெய்ப்பித்துவிட்டது.

மக்களுக்கான மருத்துவரை உருவாக்கும் சிந்தனை புதிதன்று. 1946ஆம் ஆண்டின் போர் குழு அறிக்கை, நோய்த்தடுப்பிலும் சமூக மருத்துவத்திலும் மூன்று மாதப் பயிற்சியை வலியுறுத்தி, சமூக மருத்துவரைக் கனவு கண்டது. ஸ்ரீவஸ்தவ் குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து 1977இல் மருத்துவக் கல்லூரிகளைக் கிராமப்புற வட்டாரங்களோடு இணைக்கும் திட்டம் வந்தது. பெரும்பாலும் காகிதத்திலேயே நின்றது. இயலாத காரியம் என்பதனால் அன்று. 1969இல் தொடங்கிய சேவாகிராம் மருத்துவக் கல்லூரி, முதலாண்டு மாணவர்களைக் கிராமத்தில் தங்கவைத்துக் குடும்பங்களோடு பழகச் செய்கிறது. பொருளாதாரத் தடையின் பிடியிலுள்ள கியூபா, குடியிருப்புப் பகுதிகளின் பாலிகிளினிக்குகளையே கற்பிக்கும் இடங்களாக்கியிருக்கிறது. வேறுபடுவது அரசியல் உறுதி.

இந்நிலையில், 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் ‘நெக்ஸ்ட்’ தேர்வைக் கொண்டுவருகிறது. இறுதியாண்டுத் தேர்வு, தொழில் உரிமம், முதுநிலைச் சேர்க்கை ஆகிய மூன்றும் ஒன்றாகும். 2023இல் மாணவர்களின் எதிர்ப்புக்கிடையே ஒத்திவைக்கப்பட்ட இத்திட்டம் கைவிடப்படவில்லை. அவ்வாண்டு வெளியான விதிமுறைகளின்படி, செய்முறைத் தேர்வு தேர்ச்சிக்கு மட்டுமே. தரவரிசையை நிர்ணயிப்பது கொள்குறித் தேர்வு. இன்று பயிற்சிக் காலத்தை விழுங்கும் தனிப்பயிற்சி நாளை முதலாண்டு வரை நீளும். ஆரம்ப சுகாதார நிலையங்களை நடத்தும் மாநிலங்களுக்கோ, அங்கு பணியாற்றப்போகிறவரை எவ்வாறு மதிப்பிடுவது என்பதில் குரலே இராது.

ஆகவே கோரிக்கைகள் தெளிவாக இருக்கவேண்டும். நெக்ஸ்ட் கைவிடப்படவேண்டும். நோயாளியைப் பரிசோதிக்கும் திறனுக்கும் பயிற்சிக் காலப் பணிக்கும் முதுநிலைச் சேர்க்கையில் உரிய மதிப்பெண் வேண்டும். குடும்ப மருத்துவம் ஒவ்வொரு கல்லூரியிலும் தனித்துறையாகவேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களும் தாலுகா மருத்துவமனைகளும் முறையான கற்பிக்கும் இடங்களாகி, அங்கு நிரந்தரப் பணியிடங்கள் நிரப்பப்படவேண்டும். கடைசிக் கோரிக்கை நிறைவேறாமல் முந்தையவை நிலைக்கமாட்டா.

மருத்துவ மாணவர்கள் நெக்ஸ்டை எதிர்த்துக் குரலெழுப்பியபோது அது அவர்களது துறைப் பிரச்சினையாக மட்டுமே பார்க்கப்பட்டது. காய்ச்சலோடு சுகாதார நிலையத்தின் வாயிலில் காத்திருக்கும் விவசாயத் தொழிலாளியின் பிரச்சினையும் அதுவே. விவசாயத் தொழிலாளர் சங்கங்களும் மாணவர் அமைப்புகளும் ஒரே மேடையில் நின்று இதைப் பேசவேண்டிய காலம் வந்துவிட்டது.