அரங்கு கட்டிக் காத்திருக்கும் நகரங்கள்

2019 அக்டோபர் 4, 5 தேதிகளில் மும்பை வொர்லியில் உள்ள உள்ளரங்கில் இரண்டு அமெரிக்கக் கூடைப்பந்து அணிகள் வந்து ஆடியது வாசகர்கள் பலருக்கு நினைவிருக்கலாம். அமெரிக்கத் தொழில்முறை அணிகள் இந்தியாவில் மோதியது அதுவே முதல் தடவை. வந்தவற்றில் ஒன்று கலிபோர்னியா மாநிலத்தின் தலைநகரான சாக்ரமென்டோவைச் சேர்ந்த ‘கிங்ஸ்’ அணி. அதன் பிரதான உரிமையாளரான விவேக் ரணதிவே மும்பையில் பிறந்தவர். 2013ல் நடந்த ஒரு வாக்கெடுப்பு வேறு விதமாக முடிந்திருந்தால் அந்த அணி சாக்ரமென்டோவின் பெயரால் மும்பைக்கு வந்திருக்காது. ரணதிவேயும் அதன் உரிமையாளராக ஆகியிருக்க மாட்டார். அணி மூட்டை கட்டிக்கொண்டு சீயாட்டில் நகரத்துக்குக் குடிபோயிருக்கும்.

ஓர் அணி ஊரைவிட்டு ஊர் போவதா என்று இங்குள்ளவர்களுக்கு வியப்பாக இருக்கும். மோகன் பகான் கால்பந்துக் கழகம் நல்ல மைதானம் கிடைக்கிறது என்று கொல்கத்தாவை விட்டு நாகபுரிக்குப் போய்விட்டதாக யாராவது சொன்னால் வங்காளத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள். அமெரிக்காவில் இது வழக்கமான வியாபாரம். அங்கே அணி என்பது கழகம் அல்ல. தனி முதலாளிகளின் சொத்து. அந்த முதலாளிகள் சேர்ந்து நடத்துவதுதான் தேசியக் கூடைப்பந்துச் சங்கம். ஐரோப்பியக் கால்பந்தில் சிற்றூர் அணியும் வென்று வென்று மேல் வகுப்புக்கு ஏறலாம். இங்கே அதற்கு வழியில்லை. எத்தனை அணிகள் இருக்கலாம், எந்த ஊரில் இருக்கலாம் என்பதை ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். 2004ல் எண்ணிக்கை 30 ஆயிற்று. அதன் பிறகு கூடவில்லை. அணி வேண்டும் என்று ஏங்கும் நகரங்களோ முப்பதுக்கு மேல். இந்தப் பற்றாக்குறையில்தான் வியாபாரத்தின் சூட்சுமம் அடங்கியிருக்கிறது.

கிங்ஸ் அணியின் வரலாற்றையே பார்க்கலாம். முதலில் நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டரில் ‘ராயல்ஸ்’ என்ற பெயரில் இருந்தது. 1951ல் சாம்பியன் பட்டமும் வென்றது. 1957ல் சின்சினாட்டிக்குப் போயிற்று. 1972ல் கான்சாஸ் சிட்டிக்கும் ஒமாஹாவுக்கும் பொதுவான அணியாக மாறியது. கான்சாஸ் சிட்டியில் ‘ராயல்ஸ்’ என்ற பெயரில் பேஸ்பால் அணி ஒன்று முன்பே இருந்ததால் பெயரையும் ‘கிங்ஸ்’ என்று மாற்றிக்கொண்டது. 1983ல் சாக்ரமென்டோ வியாபாரிகள் சிலர் அதை விலைக்கு வாங்கினார்கள்; 1985ல் தங்கள் ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஒவ்வொரு முறையும் புது ஊரில் வரவேற்பும் பழைய ஊரில் வயிற்றெரிச்சலும்.

அப்படி அணியைப் பறிகொடுத்த கான்சாஸ் சிட்டி இருபது ஆண்டுகளுக்குப் பின் ஒரு முடிவுக்கு வந்தது. அரங்கு இருந்தால் அணி தானே வரும் என்று நினைத்தது. ஓட்டல் அறைகள் மீதும் வாடகைக் கார்கள் மீதும் வரி போட 2004ல் வாக்காளர்கள் சம்மதித்தார்கள். 27 கோடியே 60 லட்சம் டாலர் செலவில் நகரின் நடுவே கண்ணாடி அரங்கு ஒன்று எழும்பி 2007 அக்டோபரில் திறக்கப்பட்டது. கூடைப்பந்து அணியோ, பனிச்சறுக்கு ஹாக்கி அணியோ, எது வந்தாலும் சரி என்று நகரம் காத்திருந்தது. எதுவும் வரவில்லை.

வருவதாகப் போக்குக் காட்டியவர்கள் உண்டு. பிட்ஸ்பர்க் நகரின் ஹாக்கி அணி தன் பழைய அரங்குக்குப் பதிலாகப் புதியது வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது. அதன் உரிமையாளர்கள் 2007 ஜனவரியில் கான்சாஸ் சிட்டிக்கு வந்து பார்த்தார்கள். அரங்குக்கு வாடகையே வேண்டாம் என்றார்கள் அங்குள்ளவர்கள். செய்தி பிட்ஸ்பர்க்குக்கு எட்டியது. இரண்டே மாதத்தில் அங்கே புதிய அரங்குக்கு ஒப்பந்தம் ஆயிற்று. கான்சாஸ் சிட்டிக்குப் போகும் எண்ணமே தங்களுக்கு இருந்ததில்லை, அரசை நெருக்குவதற்காகவே அந்தப் பயணம், போய் நல்ல விருந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம் என்று அணியின் உரிமையாளர்களில் ஒருவரும் முன்னாள் வீரருமான மரியோ லெமியூ 2008ல் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். அரங்கு கட்டிக் காத்திருக்கும் நகரத்தால் அணி முதலாளிகளுக்கு என்ன உபயோகம் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் விளக்கிவிட முடியாது. காலி அரங்கு ஒன்று எங்காவது இருந்தால் போதும். குடியிருக்கும் ஊரில் கேட்டது கிடைக்கும்.

சீயாட்டில் இந்தப் பேரத்தின் இரு பக்கங்களிலும் நின்று பார்த்த நகரம். அங்கே ‘சூப்பர்சானிக்ஸ்’ அணி 1967 முதல் 41 ஆண்டுகள் இருந்தது. 1979ல் சாம்பியன் பட்டமும் பெற்றது. 1962 உலகக் கண்காட்சிக்குக் கட்டிய அரங்கை நகரம் 1995ல் 7 கோடி டாலருக்கு மேல் செலவழித்துப் புதுப்பித்துக் கொடுத்தது. பத்து ஆண்டுகள் கழிந்ததும் அது போதாது என்றார்கள். 2006ல் ஓக்லஹோமா சிட்டியைச் சேர்ந்த முதலாளிகள் அணியை 35 கோடி டாலருக்கு வாங்கினார்கள். அதே ஆண்டு நவம்பரில் சீயாட்டில் வாக்காளர்கள், தொழில்முறை அணிகளுக்கு நகரப் பணம் கொடுப்பதானால் சர்க்கார் கடன்பத்திரத்தில் கிடைக்கும் அளவுக்காவது அதில் லாபம் வரவேண்டும் என்று விதி செய்தார்கள். நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் இதை ஆதரித்தார்கள். புறநகரில் 50 கோடி டாலர் அரங்கு வேண்டும் என்று புதிய முதலாளிகள் 2007ல் கேட்டபோது மாநிலச் சட்டசபையும் இணங்கவில்லை.

2010 வரை குத்தகை இருந்தும் அணி கிளம்பிவிட்டது. நகரம் நீதிமன்றம் போயிற்று. தீர்ப்பு சொல்ல வேண்டிய நாளான 2008 ஜூலை 2 அன்று சமரசம் ஆயிற்று. 4 கோடியே 50 லட்சம் டாலரைக் கட்டிவிட்டு முதலாளிகள் அணியை ஓக்லஹோமாவுக்கு அழைத்துச் சென்றார்கள். ‘சூப்பர்சானிக்ஸ்’ என்ற பெயரும் பச்சை-பொன் நிறங்களும் சீயாட்டிலிலேயே விடப்பட்டன. வீட்டைக் காலி செய்தவர் வாசலில் பெயர்ப்பலகையை விட்டுப் போன மாதிரி.

இவ்வளவு பட்ட சீயாட்டில், ஐந்தே ஆண்டுகளில் இன்னொரு ஊரின் அணிக்கு வலை வீசியது. 2013 ஜனவரியில் கிங்ஸ் அணியின் அன்றைய உரிமையாளர்கள் அதை ஒரு சீயாட்டில் குழுவுக்கு விற்க உடன்பட்டார்கள். மைக்ரோசாப்ட் கம்பெனியின் அன்றைய தலைவர் ஸ்டீவ் பால்மர் அந்தக் குழுவில் ஒருவர். சாக்ரமென்டோ மேயர் கெவின் ஜான்சன் முன்னாள் கூடைப்பந்து வீரர். அவர் சும்மா இருக்கவில்லை. உள்ளே இருக்க விரும்பும் வேறு முதலாளிகளைத் தேடிப் பிடித்தார். புது அரங்குக்கு நகரப் பணம் 25 கோடி டாலருக்கு மேல் தருவதாக நகரசபையைத் தீர்மானம் போட வைத்தார். மே மாதம் அணி முதலாளிகள் வாக்களித்தார்கள். இடமாற்றம் கூடாது என்று 22 பேர். கூடும் என்று 8 பேர். அணி ரணதிவே குழுவின் கைக்குப் போயிற்று. முப்பது ஆண்டுகளுக்கு முன் சுமார் ஒரு கோடி டாலருக்குக் கைமாறிய அதே அணியின் மதிப்பு அப்போது 53 கோடி டாலருக்கு மேல் கணக்கிடப்பட்டது. நகரத்தின் வண்டி நிறுத்துமிட வருமானத்தை ஈடாகக் காட்டிக் கடன் வாங்கிக் கட்டிய அரங்கு 2016ல் திறக்கப்பட்டது.

இதில் சாக்ரமென்டோ ரசிகர்கள் கொண்டாடியது நியாயமே. ஆனால் நகரசபை அவ்வளவு தாராளமாகக் கையைத் திறந்ததற்குக் காரணம் சீயாட்டிலின் ஆசைதான் என்பதையும் சொல்லியாக வேண்டும். சீயாட்டிலுக்கு அணி கிடைக்கவில்லை. ஆனாலும் அதன் ஆசைக்கு விலை கொடுத்தவர்கள் சாக்ரமென்டோவில் வண்டி நிறுத்துகிறவர்கள்.

ஓக்லஹோமா சிட்டி ஆசைப்பட்டது கிடைத்த நகரம். 2002ல் விற்பனை வரிப் பணத்தில் அரங்கு கட்டி வைத்திருந்தது. 2005ல் காத்ரினா புயலில் நியூ ஆர்லியன்ஸ் மூழ்கியபோது அவ்வூர் அணி இரண்டு பருவங்கள் இங்கே வந்து தங்கிற்று. கூட்டம் சேர்வதை எல்லோரும் கண்டார்கள். 2008 மார்ச்சில் அரங்கைச் சீர்செய்ய மேலும் வரிக்கு மக்கள் சம்மதித்தார்கள். வந்த அணி ‘தண்டர்’ என்ற பெயருடன் 2025 ஜூனில் சாம்பியன் ஆயிற்று. பெரிய நகரங்களின் நிழலில் இருந்த ஊருக்கு அது கொடுத்த பெருமையைப் பணத்தால் அளக்க முடியாது என்பார்கள் அவ்வூரார். இருக்கட்டும். ஆனால் 2023 டிசம்பரில் அதே நகர மக்கள் மறுபடி வாக்குச் சாவடிக்குப் போக நேர்ந்தது. இருபது ஆண்டு அரங்கு பழசாகிவிட்டதாம். குறைந்தது 90 கோடி டாலரில் புதியது கட்ட ஆறு ஆண்டுகளுக்கு டாலருக்கு ஒரு சென்ட் வரி. இதில் அணி முதலாளிகள் கொடுப்பது 5 கோடி டாலர். நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் சரி என்றார்கள். சீயாட்டிலுக்கு நேர்ந்ததை அவர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் யார்?

அரங்கு வந்தால் வியாபாரம் பெருகும், வேலை கிடைக்கும் என்று ஒவ்வொரு முறையும் சொல்லப்படுகிறது. இந்த விஷயத்தை ஆராய்ந்த அமெரிக்கப் பொருளாதார நிபுணர்களில் மிகப் பெரும்பாலோர் இதை ஏற்பதில்லை. காரணம் எளிது. கூடைப்பந்துப் பருவத்தில் சொந்த ஊரில் நடப்பது 41 ஆட்டங்கள். அங்கே டிக்கெட்டுக்கும் தின்பண்டத்துக்கும் செலவாகும் பணம் வானத்திலிருந்து குதிப்பதல்ல. அதே குடும்பங்கள் சினிமாவுக்கோ ஓட்டலுக்கோ செலவழித்திருக்கும் பணம். இடம் மாறுகிறது, அவ்வளவே. ஒரு பகுதி ஆட்டக்காரர்களின் சம்பளமாக ஊரைவிட்டே வெளியேறியும் விடுகிறது. அரங்கில் கடலை விற்பவருக்கும் வாசலில் நிற்கும் காவலாளிக்கும் கிடைப்பது வருஷத்தில் நாற்பது மாலைகளின் கூலி.

கான்சாஸ் சிட்டியின் கதையில் ஒரு வேடிக்கையும் உண்டு. அணி வராத அந்த அரங்கு ஓட்டாண்டியாகிவிடவில்லை. திறந்த அடுத்த மாதமே கார்த் புரூக்ஸ் என்ற பாடகரின் ஒன்பது கச்சேரிகளுக்கும் டிக்கெட் தீர்ந்தது. பல்கலைக்கழக அணிகளின் கூடைப்பந்துப் போட்டி ஆண்டுதோறும் அங்கே நடக்கிறது. நிரந்தர அணி ஒன்று வந்தால் நல்ல தேதிகளையெல்லாம் அதற்கு விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்; வாடகையும் வேண்டாம் என்று வேறு வாக்குக் கொடுத்தாகிவிட்டது. வராததே லாபம் என்று கணக்குப் பார்க்கிறவர்கள் சொன்னால் மறுப்பது கடினம்.

முதலாளிகளால் சொந்தப் பணத்தில் அரங்கு கட்டிக்கொள்ள முடியாது என்பதும் உண்மையல்ல. சீயாட்டிலுக்காகக் கிங்ஸ் அணியைக் கேட்ட அதே பால்மர் 2014ல் லாஸ் ஏஞ்சல்ஸின் ‘கிளிப்பர்ஸ்’ அணியை 200 கோடி டாலருக்கு வாங்கினார். அதை வேறு ஊருக்குக் கொண்டுபோகாமல், அருகிலுள்ள இங்கிள்வுட்டில் தன் பணத்திலேயே புது அரங்கு கட்டி 2024ல் திறந்தார். சீயாட்டிலும் பாடம் கற்றுக்கொண்டது. 2016ல் புது அரங்குக்காகத் தெரு ஒன்றின் பகுதியை விட்டுக்கொடுக்க நகரசபை 5க்கு 4 என்ற வாக்கில் மறுத்தது. பிறகு 1962 அரங்கின் கூரையை மட்டும் நிறுத்திவைத்து, தனியார் பணம் 100 கோடி டாலருக்கு மேல் போட்டு, அடியில் புதிதாகக் கட்டினார்கள். 2021 அக்டோபரில் அது திறந்தது. ஹாக்கி அணி ஒன்று வந்தது. அது எந்த ஊரிலிருந்தும் பறித்ததல்ல, புதிதாகத் தொடங்கியது.

கூடைப்பந்திலும் அதே வழி இருக்கிறது. இருக்கும் அணிகளை நகரங்கள் ஒன்றிடமிருந்து ஒன்று பிடுங்குவதைவிடப் புதிய அணிகளுக்கு இடம் கொடுப்பதே முறை. அதனால் எந்த ஊர்ச் சிறுவனும் தன் அணியை இழக்க வேண்டியதில்லை. முதலாளிகள் தயங்குவதற்குக் காரணம் உண்டு. தொலைக்காட்சிப் பணத்தைக் கூடுதல் பங்காளிகளுடன் பிரித்துக்கொள்ள வேண்டும்; காலி அரங்கைக் காட்டிப் பயமுறுத்தும் வசதியும் குறையும். 2025 ஜூலையில் அவர்களுடைய கூட்டம் விரிவாக்கம் பற்றி ஆராயும்படி சங்க அலுவலகத்தைப் பணித்தது. நகரசபைகளும் தங்கள் பங்குக்கு, பொதுப்பணம் கொடுப்பதானால் அணியில் பங்கோ லாபத்தில் பங்கோ எழுதி வாங்குவதும், குத்தகைக் காலத்துக்குள் கிளம்பினால் அரங்கின் முழுக் கடனையும் கட்டிவிட்டுத்தான் போகவேண்டும் என்று நிபந்தனை போடுவதும் அவசியம். சீயாட்டில் இரண்டாண்டுக் குத்தகையை 4 கோடியே 50 லட்சத்துக்கு விட்டுக்கொடுத்த மாதிரி விட்டுக்கொடுக்கக் கூடாது.

புது அணி வருமானால் அதற்குச் சூட்டவென்று ‘சூப்பர்சானிக்ஸ்’ பெயரையும் பச்சை-பொன் நிறங்களையும் சீயாட்டில் 2008 முதல் பத்திரமாக வைத்திருக்கிறது.