பிரெத்தோன் பாட்டியின் மொழி

பிரெஞ்சுக் குடும்பமொன்றின் வீட்டில் சென்று தங்குவதென்றால் லாச்சப்பலில் உள்ள எம்மவர் பலர் இன்றும் தயங்குகின்றனர். அகதி நிலை பெற்றோரைச் சில மாதங்கள் தம்மோடு வைத்திருக்க முன்வரும் குடும்பங்களைத் தேடி இணைக்கும் திட்டமொன்றை ‘சிங்கா’ என்னும் அமைப்பு 2015 இல் தொடங்கியது. இப்படியான வாய்ப்புகளைப் பற்றிச் சொன்னால், "நால்வரோடு ஓரறையில் படுத்தாலும் படுப்பேன், அந்நியர் வீட்டில் வாய்மூடி இருக்கமாட்டேன்" என்ற மறுமொழியே வருகிறது. அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. மொழி தெரியாத வீட்டில் உப்புக் கேட்பதற்கும் கூச்சமாகத்தான் இருக்கும்.

ஆயினும் போய்த் தங்கினால்தான் சில விடயங்கள் தெரியவருகின்றன. சில ஆண்டுகளுக்கு முன், பிரான்சின் மேற்குக் கரையிலுள்ள பிரெத்தாஞ் பகுதியில், கம்பேர் நகருக்கு அண்மையில் ஒரு குடும்பத்தோடு இரண்டு வாரம் தங்கியிருந்தேன். முதல்நாள் இரவு உணவே வியப்பளித்தது. கறுப்புக் கோதுமை என்று அவர்கள் அழைக்கும் தானியத்தின் மாவைத் தண்ணீரும் உப்பும் விட்டுக் கரைத்துச் சில மணிநேரம் வைத்திருந்து, வட்டமான இரும்புக் கல்லில் ஊற்றி, மரத்தாலான சிறு கருவியால் சுழற்றி மெல்லிதாகப் பரப்பிச் சுடுகிறார்கள். பார்த்தால் எமது தோசைதான். அதனோடு குடிப்பதற்குக் கிண்ணத்தில் ஊற்றித் தந்தது மோர்! ஓகஸ்ட் மாதக் கடைசி ஞாயிறன்று சென்ட் ஆன் லா பாலுவில் பெருவிழா நடக்கும் என்றார்கள். ஊரார் பழைய உடையணிந்து, கொடிகள் பிடித்து, அன்னம்மாளின் திருவுருவத்தைச் சுமந்து ஊர்வலம் வருவார்களாம். 1985 இல் பாரிசில் உருவான மாணிக்க விநாயகர் ஆலயத்தின் தேர், லாச்சப்பல் வீதிகளில் தேங்காய் சிதறச் சிதற வருவதும் ஏறத்தாழ அதே நாட்களில்தான்.

இவற்றோடு நின்றுவிட்டால் அது சுற்றுலாப் பயணியின் வியப்பு. என்னை உலுக்கியது அந்த வீட்டுப் பாட்டி சொன்ன கதை. அவர் சிறுமியாக இருந்தபோது, பள்ளியில் பிரெத்தோன் மொழி பேசி அகப்பட்ட பிள்ளையின் கழுத்தில் ஒரு மரக்கட்டையைத் தொங்கவிடுவார்களாம். அந்தப் பிள்ளை, அதே குற்றம் செய்யும் வேறொரு பிள்ளையைக் காட்டிக்கொடுத்தால் கட்டை கைமாறும். மாலையில் அது யாருடைய கழுத்தில் இருக்கிறதோ அவருக்குத் தண்டனை. தோழியைக் காட்டிக்கொடுக்கக் கற்பித்த பள்ளி! அந்தச் சிறுமி தாயானபோது தன் பிள்ளைகளோடு பிரெஞ்சிலேயே பேசினார். "அவர்களும் கட்டையைச் சுமக்கவேண்டாம், பாரிசுக்குப் போய் நல்ல வேலை செய்யட்டும் என்றுதான்" என்றார்.

பாரிசுக்கு முன்னரே வந்த பிரெத்தோன் மக்களை நகரம் எப்படி வரவேற்றது என்பதும் நாம் அறியவேண்டியதே. ஊர்த் தொடருந்து வந்து நிற்கும் மொன்பர்னாஸ் நிலையத்தைச் சுற்றியும், லாச்சப்பலை அடுத்த சென் தெனியிலும் குடியேறினார்கள். ஆண்கள் கூலிகள், பெண்கள் வீட்டுவேலைக்காரிகள். 1905 இல் வெளிவரத் தொடங்கிய ‘பெக்கசின்’ என்னும் படக்கதையின் நாயகி ஒரு பிரெத்தோன் வேலைக்காரி. அவளுக்குப் பெரும்பாலும் வாயே வரையப்படவில்லை. இத்தனைக்கும் நாம் நாள்தோறும் ஏறும் பாரிஸ் மெத்ரோவை அமைத்த பொறியியலாளர் பியன்வெனு ஒரு பிரெத்தோன்காரர்.

1900 அளவில் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் பேசிய மொழி அது. 2018 இன் கணிப்பில் 2,07,000 பேர். 2024 இன் கணிப்பில் 1,07,000 பேர். குடியரசின் மொழி பிரெஞ்சு என்று அரசியலமைப்பில் எழுதப்பட்டதோ 1992 இல்தான். அதற்கு வெகு முன்னரே பிரெத்தோன் வீடுகளின் அடுப்படியில் அந்த மொழி ஓய்ந்துவிட்டது. பள்ளி தொடக்கிவைத்ததைத் தாய்மாரின் பாசம் முடித்துவைத்தது என்றே எனக்குப் படுகிறது.

இலங்கையில் 1956 இல் சிங்களம் மட்டும் என்ற சட்டம் வந்தபோது அதை எதிர்த்து வீதிக்கு வந்த பரம்பரை நாம். இங்கு எம் வீட்டுக் கதவைத் தட்டி, தமிழ் பேசாதே என்று எவரும் சொல்லவில்லை. கட்டையும் இல்லை, தண்டனையும் இல்லை. இருந்தும் கடையில் தாய் தமிழில் கேட்க, பிள்ளை பிரெஞ்சில் பதில் சொல்கிறது. அடுத்த கேள்வியைத் தாயும் தனக்குத் தெரிந்த பிரெஞ்சிலேயே கேட்கிறார். வார இறுதியில் இரண்டு மணிநேரத் தமிழ் வகுப்புக்கு அனுப்பினால் கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். அந்த வகுப்பை நடத்துவோரின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வீடு செய்யவேண்டியதை வகுப்பின் தலையில் ஏற்றுகிறோம்.

1977 முதல் ‘திவான்’ பள்ளிகள் பிரெத்தோன் மொழியிலேயே பாடம் நடத்துகின்றன. பாட்டியின் பேர்த்தி அங்குதான் படிக்கிறாள். இருவரும் பேசும்போது, பள்ளியில் கற்ற சொல் பாட்டிக்கு விளங்குவதில்லை. பாட்டியின் ஊர்வழக்கு பேர்த்திக்குப் பிடிபடுவதில்லை. இரண்டையும் இணைத்திருக்க வேண்டியவர், நடுவிலே அமர்ந்து தோசை சுட்டுக்கொண்டிருந்த அந்தத் தாய். அவருக்கு இரண்டுமே தெரியாது.