சர்க்கரைக்கும் ஜாதியா?

கடையத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் நீரிழிவு கண்டவர்களிடையே ஒரு விசித்திர வேதாந்தம் உலாவுகின்றது. வெள்ளைச் சர்க்கரை விஷமாம், கருப்பட்டி மருந்தாம், கோயில் சர்க்கரைப் பொங்கலோ பிரசாதமாதலால் ஒன்றும் செய்யாதாம்! நாம் கேட்கின்றோம்: கரும்பில் பிறந்தாலென்ன, பனையில் பிறந்தாலென்ன, சாமிக்குப் படைத்தாலென்ன, வயிற்றுக்குள் போனபின் இரத்தத்தில் ஏறுவது ஒரே சர்க்கரைதானே? மனிதனுக்குக் கற்பித்த ஜாதி போதாதென்று சர்க்கரைக்குமா கற்பிக்க வேண்டும்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வின்படி, இந்நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு உண்டு. இத்தனை பேரும் பூர்வஜென்மப் பாவிகளா?

செய்ய வேண்டியது எளிது. தட்டில் பாதி காய்கறி, கீரை. கால்பாகம் பருப்பு, முட்டை அல்லது மீன். மீதிக் கால்பாகமே சோறு. தினையும் கேழ்வரகும்கூட அளவோடுதான். இன்சுலினைப் போட்டுக்கொண்டு விரதமென்று பட்டினி கிடந்தால், சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும், உயிரும் போகலாம். 1921-ல் டொராண்டோ நகரில் அந்த இன்சுலினைக் கண்டுபிடித்தது மனிதன் அறிவேயன்றி, எந்தத் தெய்வத்தின் அருளுமன்று.

ஆகவே, தோழர்களே! தாயத்துக்கு அழும் காசில் காய்கறி வாங்குங்கள். அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தத்தைச் சோதியுங்கள்; அங்கு மாத்திரை இலவசம். காயையும் மீனையும் ஆண்கள் தின்றுவிட்டு, வெறுஞ்சோற்றைப் பெண்களுக்கு மீத்து வைக்காதீர்கள். நீரிழிவு ஆண் பெண் பார்ப்பதில்லை.