"அங்கீகாரம் உண்டு" என்றால் போதுமா?

ஒரு பவுன் நகை வாங்குவதாக இருந்தாலும் நாம் என்ன செய்கிறோம்? நாலு கடை ஏறி இறங்குகிறோம். முத்திரை இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம். பெண் கொடுப்பதென்றால் கேட்கவே வேண்டாம். மாப்பிள்ளையின் ஊர், உத்தியோகம், குணம் எல்லாவற்றையும் விசாரிக்கிறோம்.

ஆனால் பிள்ளையை வெளிநாட்டுக்குத் தொழில் படிக்க அனுப்பும்போது?

ஏஜெண்டு ஒரு வழவழப்பான புத்தகத்தை நீட்டுகிறார். அதில் கண்ணாடிக் கட்டிடம். வாசலில் சிரித்துக்கொண்டு நிற்கும் மாணவர்கள். "அங்கீகாரம் பெற்ற கல்லூரி, சார்! இந்த மாதமே இடம் கிடைக்கும்" என்கிறார். வீட்டை அடமானம் வைத்துப் பணத்தைக் கட்டிவிடுகிறோம்.

அந்த அங்கீகாரம் யார் கொடுத்தது? எதற்குக் கொடுத்தது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் கிடைக்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்டக் கூடாது என்பதே என் கட்சி.

மூன்று கதவுகள்

வெளிநாட்டில் படிக்கப் போகும் பிள்ளைக்கு முன்னால் மூன்று கதவுகள் இருக்கின்றன.

முதல் கதவு, வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்க அந்தக் கல்லூரிக்கு அனுமதி உண்டா என்பது. இரண்டாவது, அங்கே தரும் சர்டிபிகேட்டை வேலை கொடுப்பவரும் மற்ற கல்லூரிகளும் ஒப்புக்கொள்வார்களா என்பது. மூன்றாவது, படிப்பு முடிந்த பிறகு அந்த நாட்டில் தங்கி வேலை செய்ய உத்தரவு கிடைக்குமா என்பது.

மூன்று கதவுக்கும் மூன்று சாவி. மோசக்கார ஏஜெண்டு ஒரு சாவியைக் காட்டி, மூன்றும் திறக்கும் என்று நம்ப வைக்கிறார். ஏமாற்றம் இங்கேதான் ஆரம்பமாகிறது.

காலில் கருவி!

அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். கலிபோர்னியா மாநிலத்தில் 'டிரை வேலி யுனிவர்சிட்டி' என்று ஒன்று இருந்தது. அது பொய்ப் பத்திரங்களைக் காட்டி, வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் அனுமதியை வாங்கியிருந்தது. ஆனால் கல்வித் தரத்துக்கான அங்கீகாரம் அதற்கு இல்லை. அதாவது முதல் சாவி இருந்தது. இரண்டாவது சாவி இல்லை.

1,500 பேருக்கு மேல் சேர்ந்தார்கள். பெரும்பாலோர் அன்றைய ஆந்திராவிலிருந்து போன பிள்ளைகள். 2011 ஜனவரியில் அதிகாரிகள் சோதனை போட்டார்கள். பள்ளி மூடப்பட்டது. மாணவர்களில் சிலருக்கு, எங்கே போகிறார்கள் என்று கண்காணிக்கக் காலில் கருவி மாட்டினார்கள்! இந்திய அரசாங்கம் அதைக் கண்டித்தது. பள்ளியை நடத்தியவருக்குப் பிறகு, 2014-ல், 16 ஆண்டுகளுக்கு மேல் சிறைத் தண்டனை கிடைத்தது.

மோசம் செய்தவர் ஜெயிலுக்குப் போனார். சரி. ஆனால் பிள்ளைகள் இழந்த பணமும் காலமும் திரும்பி வந்ததா?

இது பட்டப் படிப்புக் கதை. தொழில் படிப்பிலும் ஏமாறும் வழி இதுவேதான்.

கனடாவின் பட்டியல்

சமையல், வெல்டிங், மோட்டார் மெக்கானிக், கணக்கெழுதுதல் போன்ற தொழில்களைப் படிக்கப் பலர் கனடாவுக்குப் போகிறார்கள். வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கலாம் என்று அனுமதிக்கப்பட்ட பள்ளிகளின் பட்டியல் அங்கே உண்டு. "பட்டியலில் பெயர் இருக்கிறது, பாருங்கள்!" என்று ஏஜெண்டு காட்டுவார். அது உண்மையாகவே இருக்கலாம்.

ஆனால் பட்டியலில் உள்ள எல்லாப் பள்ளிகளிலும் படித்தவர்களுக்கு, படிப்புக்குப் பிறகு வேலை செய்யும் உத்தரவு கிடைப்பதில்லை. தனியார் தொழிற்பள்ளிகள் பலவற்றுக்கு அந்தச் சலுகை இல்லை. அரசாங்கக் கல்லூரியின் பாடத்தைத் தனியார் பள்ளி வாங்கி நடத்துகிறதே, அந்த வகைப் படிப்பில் 2024 மே 15 முதல் சேருகிறவர்களுக்கும் கிடையாது. கல்லூரி டிப்ளமா படிக்க 2024 நவம்பர் 1 முதல் மனுப் போடுகிறவர்களுக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. படிக்கும் பாடம் சர்க்கார் குறித்த துறைகளில் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஆகவே கல்லூரியின் பெயரை மட்டும் பார்த்தால் போதாது. பாடத்தின் பெயரையும் பார்க்க வேண்டும்.

2023-ல் இன்னொரு அநியாயம் வெளியே வந்தது. பஞ்சாபிலிருந்து போன மாணவர்கள் பலரின் கல்லூரிச் சேர்க்கைக் கடிதமே போலி! பாவம், பலருக்கு அது போலி என்பதே தெரியாது. படித்து, வேலைக்கும் போன பிறகு, "நாட்டை விட்டு வெளியேறு" என்ற உத்தரவை எதிர்நோக்கி நின்றார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 1 முதல், சேர்க்கைக் கடிதத்தைக் கல்லூரியிடமே கேட்டுச் சரிபார்க்க வேண்டும் என்று கனடா விதி செய்தது.

விழுந்தால் தாங்குவது யார்?

"அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளும்தான் மூடப்படுகின்றனவே!" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

ஆஸ்திரேலியாவில் 2009, 2010-ம் ஆண்டுகளில் தனியார் தொழிற்கல்லூரிகள் பல மூடப்பட்டன. இந்திய மாணவர்களும் தெருவில் நின்றார்கள். அதில் கற்ற பாடத்தால், 2012-ல் கல்விக் கட்டணப் பாதுகாப்பு ஏற்பாடு ஒன்று அங்கே வந்தது. பதிவு பெற்ற கல்லூரி பாதியில் மூடப்பட்டால், வேறு கல்லூரியில் சேர வழி செய்வார்கள். இல்லாவிட்டால், நடத்தாத பாடத்துக்குக் கட்டிய பணத்தைத் திருப்பித் தருவார்கள்.

பதிவு இல்லாத பள்ளிக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அங்கீகாரம் என்பது விழவே மாட்டோம் என்ற உறுதி அல்ல. விழுந்தால் தாங்க ஒரு கை உண்டு என்பதே அதன் பொருள்.

மலிவு மலிவல்ல

அங்கீகாரம் இல்லாத பள்ளிகள் எல்லாமே மோசடி என்று நான் சொல்ல மாட்டேன். நல்ல கைத்தொழிலை அக்கறையோடு சொல்லிக் கொடுக்கிற சிறு பள்ளிகளும் உண்டு. உள்ளூர்ப் பையன் அங்கே படித்தால் குற்றமில்லை. பள்ளி சரியில்லை என்றால் அவனுக்குப் பீஸ்தான் நஷ்டம். மறுநாள் வேறு பள்ளிக்குப் போவான்.

நம் பிள்ளை அப்படியா? அவன் அந்த நாட்டில் நிற்பதே அந்தப் பள்ளியை நம்பித்தான். பள்ளி போனால் விசாவும் போகும். இங்கே பாங்கிக் கடன் மட்டும் போகாது! ஆகவே, பீஸ் குறைவு, பரீட்சை வேண்டாம், உடனே இடம் என்று சொல்லும் பள்ளிதான் கடைசியில் அதிக விலையுள்ள பள்ளி.

என்ன செய்ய வேண்டும்?

ஏஜெண்டு கொடுக்கும் தாளை நம்பாதீர்கள். அந்த நாட்டுச் சர்க்காரின் இணையதளத்தில் பெயரை நீங்களே தேடுங்கள். இங்கிலீஷ் தெரியாவிட்டால், பக்கத்துப் பள்ளிக்கூட வாத்தியாரை உட்கார வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆஸ்திரேலியா என்றால் 'கிரைகோஸ்' என்ற பட்டியலில் கல்லூரி, பாடம் இரண்டும் இருக்க வேண்டும். கனடா என்றால், இந்தப் பாடத்துக்கு வேலை உத்தரவு உண்டா என்று பாருங்கள். அமெரிக்கா என்றால், அந்த நாட்டுக் கல்வி இலாகா ஒப்புக்கொண்ட அமைப்பு எதுவாவது தரச் சான்று கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு கல்லூரிக்கு நேராக எழுதி, "இந்தச் சேர்க்கைக் கடிதம் உங்களுடையதுதானா?" என்று கேளுங்கள். பணத்தையும் கல்லூரியின் கணக்கிலேயே கட்டுங்கள். ஏஜெண்டின் சொந்தக் கணக்கில் கட்டாதீர்கள்.

இத்தனையும் கேட்டால் ஏஜெண்டு கோபிப்பாரா? கோபிக்கட்டும்! நல்ல ஏஜெண்டு கோபிக்க மாட்டார். தானே உட்கார்ந்து காட்டுவார்.

தும்பை விட்டு வாலைப் பிடிப்பதில் பயனில்லை. பணம் கட்டுவதற்கு முன் கேட்கிற கேள்விதான் கேள்வி. விமானம் ஏறிய பிறகு கேட்பது வெறும் புலம்பல்!