பனிமலைக்குத் தனிப் பயணம்



ஆண்டை ஆறு பருவங்களாக வகுத்து, அவற்றுள் இரண்டைப் பனிக்கென்றே ஒதுக்கியவர்கள் நம் முன்னோர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. ஆனால் அந்தப் பனி புல்நுனியில் நிற்பது. கதிரவனைக் கண்டால் மறைவது. ஆளுயரம் குவிந்து கிடக்கும் பனிக்கும் நாம் அதே சொல்லைத்தான் வழங்குகிறோம். வடநாட்டுக்குப் படிக்க வந்த நாம், அந்த இரண்டாவது பனியைப் பார்க்க ஆண்டுதோறும் கூட்டமாகப் பேருந்து ஏறுகிறோம். உருண்டை பிடித்து எறிகிறோம், படம் எடுத்துக்கொள்கிறோம், வாடகைக் கோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கிவிடுகிறோம். கடற்கரையில் கால் நனைத்தவன் நீந்தி வந்தேன் என்று சொல்லலாமா?

வருகிற பிப்ரவரியில் காஷ்மீரத்துக் குல்மார்க்குக்குச் சென்று ஸ்கீ எனப்படும் பனிச்சறுக்கைக் கற்பது என்று முடிவு செய்திருக்கிறேன். ஸ்கீக் கட்டையை நான் இதுவரை காலில் மாட்டியதில்லை. தனியாகவே போகிறேன். இம்முடிவை வெளியிட்ட நாள் முதல் விடுதியிலும் சங்கத்திலும் வீட்டிலும் எழும் கேள்வி ஒன்றே: "தனியாகவா?" கால் முறியுமா, குளிர் தாங்குமா என்று யாரும் கேட்கவில்லை. பெண் பிள்ளை துணையின்றிப் போகலாமா என்பதே எல்லோருக்கும் கவலை. "அண்ணனையாவது கூட்டிப் போ" என்கிறார் அம்மா.

அண்ணன் மீது எனக்கு மிகுந்த அன்பு உண்டு. ஆனால் அவரும் பனிச்சறுக்கு அறியாதவர். சரிவில் ஒருவர் கட்டுக்கடங்காமல் உருண்டு வருவதைவிட இருவர் உருண்டு வருவது எவ்வகையில் பாதுகாப்பு? துணை என்பது ஆளின் எண்ணிக்கையில் இல்லை, அறிவில் இருக்கிறது. இதுவே என் வாதம்.

பௌதிகம் படிப்பவள் என்பதால் ஒரு சிறு கணக்குச் சொல்கிறேன். பத்து மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஒரு மூன்று மாடி வீட்டின் உயரத்திலிருந்து, உராய்வே இல்லாமல் சறுக்கினால் கீழே வரும்போது வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர் இருக்கும். பனியின் உராய்வும் காற்றின் தடையும் இதைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனாலும் மெழுகு பூசிய கட்டைக்குப் பனி கொடுக்கும் தடை மிகச் சிறியது. ஆகவேதான் பயிற்சியில் முதற்பாடம் ஓடுவது அன்று, நிற்பது. கட்டைகளின் முனைகளை நெருக்கி, வால்களை அகட்டி, ஆப்பு வடிவில் வைத்து வேகத்தை அடக்கக் கற்பிக்கிறார்கள். இப்பாடத்தை நண்பர் கூட்டம் கற்பிக்காது. ஆசிரியர்தான் கற்பிப்பார். தனியே போவேன், தனியே கற்கமாட்டேன்.

மூன்று இடங்களை எடைபோட்டுப் பார்த்தேன். இமாசலத்தில் மணாலி, அங்குள்ள மலையேற்ற நிறுவனம் 1961 முதல் இயங்குவது. உத்தரகண்டில் அவுலி, ரிஷிகேசத்திலிருந்து ஜோஷிமடத்துக்கே ஏறத்தாழ 250 கிலோமீட்டர் மலைப்பாதை, அதற்குமேல் அவுலிக்கு ஏற வேண்டும். ஜோஷிமடத்து நிலம் தாழ்ந்ததால் 2023 சனவரியில் அங்கிருந்த கம்பிவட ஊர்தியும் நிறுத்தப்பட்டது. மூன்றாவது குல்மார்க், கடல் மட்டத்துக்கு மேல் 2,650 மீட்டர். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இயங்கும் பனிச்சறுக்கு, மலையேற்ற நிறுவனம் அங்கே தொடக்கநிலைப் பயிற்சி அளிக்கிறது. புதியவர் பழகுவதற்கேற்ற தாழ்ந்த சரிவுகள் ஊரை ஒட்டியே உள்ளன. ஆதலால் குல்மார்க்.

டிசம்பர் விடுமுறையில் போனால் என்ன என்று கேட்கலாம். கடுங்குளிரான சில்லைக் கலான் டிசம்பர் 21இல்தான் தொடங்குகிறது. நாற்பது நாள் நீடிக்கிறது. பனி நன்கு படிய அவகாசம் வேண்டும். அதிலும் உறுதி இல்லை. 2024 சனவரியில் பெரும்பகுதி நாட்கள் குல்மார்க் புல்வெளியாகவே கிடந்தது. எனவே நாள் மாற்றக்கூடிய பயணச்சீட்டே வாங்கவேண்டும். 2025 ஜூனில் கட்ராவிலிருந்து சீநகருக்கு ரயில் ஓடத் தொடங்கிவிட்டதால், விமானக் கட்டணத்தைக் கண்டு மலைக்கும் நம்போன்றோருக்கும் வழி பிறந்திருக்கிறது.

ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2023 பிப்ரவரியில் போலந்து நாட்டார் இருவரும், 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவரும் குல்மார்க் மலைகளில் பனிச்சரிவில் மாண்டனர். வகுத்த தடங்களுக்கு வெளியே, மேல்மலையில் நேர்ந்தவை இவை. 3,950 மீட்டர் அளவுக்கு ஏறும் கண்டோலாவின் இரண்டாம் கட்டம் கற்றுக்குட்டிக்கு உரியதன்று. பார்க்கவேண்டுமானால் பார்க்கலாம்; கட்டையோடு இறங்கக் கூடாது. 2025 ஏப்ரலில் பகல்காமில் 26 பேர் கொல்லப்பட்டதையும் வீட்டார் நினைவூட்டுகிறார்கள். அந்த அச்சம் பொய்யன்று. புறப்படும் வாரத்தில் அரசின் அறிவிப்பைப் பார்ப்பேன். நிலைமை சரியில்லை என்றால் போகமாட்டேன். அண்ணன் உடன் வந்தாலும் அதே முடிவுதான்.

இனிச் செலவுக் கணக்கு. நம்மவர் முதலில் வாங்குவது பளபளப்பான சட்டை. நான் முதலில் கட்டப்போவது பயிற்சிக் கட்டணம், அடுத்து காப்பீடு. சாதாரணப் பயணக் காப்பீடுகள் பல, சாகச விளையாட்டை விலக்கி வைக்கின்றன. பனிச்சறுக்குச் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்கவேண்டும். கட்டை, கோல், காலணி யாவும் வாடகைக்கு எடுத்தால் போதும். காலணி பாதத்தை இறுகப் பற்றவேண்டும். இரண்டு தடித்த காலுறையைவிட ஒரு மெல்லிய கம்பளிக் காலுறையே மேல். பருத்தி உள்ளாடை நனைந்தால் உலராது. உடலைக் குளிரில் ஆழ்த்திவிடும். நம் கருநிறம் வெயிலுக்கு அஞ்சாது என்று மார்தட்டவேண்டாம். புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்பும். கண்ணுக்கு நிறம் காவல் இல்லை, கண்ணாடிதான் காவல். தேங்காய் எண்ணெயோ 24 டிகிரியிலேயே உறைந்து போகும் சாது! அதை நம்பி முகத்தை நீட்டக் கூடாது. பிறமாநிலத்து ப்ரீபெய்ட் தொலைபேசி எண் அங்கே வேலை செய்யாது. போஸ்ட்பெய்ட் எண் வேண்டும். வீட்டுக்கு நாள்தோறும் பேசினாலே பாதிக் கவலை தீரும். சீநகரில் பகலில் இறங்குவது, முதல் நாள் இளைப்பாறுவது, தங்குமிட முகவரியை வீட்டிலும் விடுதியிலும் கொடுப்பது ஆகியவையும் திட்டத்தில் உண்டு. இப்போதே விடுதிப் படிகளை நாள்தோறும் இருபது முறை ஏறி இறங்குகிறேன். தொடை வலுத்தால்தான் முழங்கால் தப்பும்.

"தென்னாட்டாருக்கு இதெல்லாம் எதற்கு?" என்று கேட்கும் பெரியவர்களும் இருக்கிறார்கள். காவிரி பிறக்கும் குடகிலிருந்து போன பவானி தெக்கடா நஞ்சுண்டா என்ற பெண், கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளில் தங்கம் வென்றிருக்கிறார். குடகில் பனிமலை ஏது? நான் பதக்கத்துக்குப் போகவில்லை. ஆயினும் பிறந்த மண்ணில் இல்லாததைக் கற்கத் தடை எதுவும் இல்லை என்பதற்கு அவரே சான்று. பிழைப்புக்காக ஆயிரம் கல் கடந்து தனியே வந்து படிக்கும் பெண்ணை, "துணிச்சல்காரி" என்று ஊர் புகழ்கிறது. அதே பெண் தன் மகிழ்ச்சிக்காக மேலும் சில நூறு கல் போனால் மட்டும் ஏன் முகம் சுளிக்கிறது?

சங்கத்துக்கு என் வேண்டுகோள் இது. நம் சுற்றுலா அறிவிப்பில், "மாணவியர் தக்க துணையுடன் வரவும்" என்ற வரி ஆண்டுதோறும் இடம் பெறுகிறது. அதை நீக்கிவிடுங்கள். அதற்குப் பதிலாக, பனிச்சறுக்கோ மலையேற்றமோ செல்லும் எவராயினும், ஆணாயினும் பெண்ணாயினும், மூன்று தாள்களைக் காட்டவேண்டும் என்று எழுதுங்கள்: பயிற்சிக்குப் பணம் கட்டிய ரசீது, காப்பீட்டுப் பத்திரம், தங்குமிட முகவரி. மூன்றும் கையில் இருந்தால் வழிவிடுங்கள். இல்லையேல் ஆண்பிள்ளையே ஆனாலும் நிறுத்துங்கள். அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரப் போகிறேன். மறுப்பவர்கள் காரணத்தோடு வாருங்கள், பேசுவோம்.